யார் எழுதியது என்று தெரிந்த பிறகு

என் மேசை லாச்சியில் ஒரு தாள் கிடக்கிறது. ஏ-4 தாள், ஒரு பக்கம், 28 வரிகள். சென்ற வருடம் எங்கள் பகுதியில் மீலாத் விழாவை ஒட்டிப் பாடசாலை மாணவர்களுக்கு நடத்தப்பட்ட ஒரு கவிதைப் போட்டிக்கு வந்தது அது. பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். நடுவர் மூவரில் நானும் ஒருவன். தாளின் ஓரத்தில் என் கையெழுத்தில் இரண்டு வகையான குறிப்புகள் உள்ளன. நீலப் பேனையால் எழுதியவை முதல் நாளைக்குரியவை. சிவப்புப் பேனையால் எழுதியவை இரண்டு நாள் கழித்து எழுதியவை. இரண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார் என்று சொன்னால் வெளியாள் யாரும் நம்பமாட்டார். எனக்கே சில வேளை சங்கடமாக இருக்கிறது.

கவிதை ஒரு மூத்தம்மாவைப் பற்றியது. திண்ணையில் இருந்து அவர் பன் பாய் இழைக்கிறார். பேத்தி பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். பன்னைக் காயப்போடுவது, சாயம் காய்ச்சுவது எல்லாம் வருகிறது. இழைத்த பக்கத்தைக் குதிக்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூத்தம்மா அடுத்த பன்னைச் செருகுவதாக ஒரு வரி. அந்தக் குதிக்கால் வெடிப்புக்குள் சாயம் ஊறிச் சிவந்திருப்பதாக அடுத்த வரி. பின்னர் மூத்தம்மா மௌத்தாகிறார். பாய் அரைவாசியில் நிற்கிறது. வாழ்க்கையே ஒரு பாய், நாட்களே அதன் இழைகள், முடித்துவைப்பவன் இறைவன் என்ற பொருளில் நான்கு வரிகளோடு கவிதை முடிகிறது.

குதிக்கால் வரிகளுக்குப் பக்கத்தில் நீலத்தில் நான் எழுதியது: "தேவையற்ற விவரம்." கடைசி நான்கு வரிகளுக்கு இரண்டு சரி போட்டு, "நல்ல முடிப்பு" என்று எழுதியிருக்கிறேன். 50க்கு 41 புள்ளி. மற்ற இருவரும் ஏறத்தாழ அதே அளவில்தான் போட்டிருந்தார்கள். முதலிடம் அதற்குத்தான் என்ற நிலை.

மறுநாள் இரவு எங்கள் வட்ஸ்அப் குழுவில் மூன்றாவது நடுவர் ஒரு செய்தி போட்டார். இளம் மௌலவி, நிறைய வாசிக்கிறவர். அந்தக் கவிதையை ஏதோ ஓர் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தாராம், செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று அது சொல்கிறதாம். ஓய்வுபெற்ற அதிபரான மற்ற நடுவர் உடனே குரல் பதிவு அனுப்பினார்: "நானும் நெனச்ச நான். இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு இப்பிடிச் சுத்தமான தமிழ் எங்க வரப்போகுது?" நான் பதில் ஒன்றும் போடவில்லை. தாளை எடுத்தேன், சிவப்புப் பேனையையும் எடுத்தேன்.

குதிக்கால் வரிகளுக்கு: "பொருந்தாத விவரம். இயந்திரத்தின் தடுமாற்றம்." நடுப்பகுதிக்கு: "அனுபவம் இல்லை, தகவல்தான் இருக்கிறது." முடிப்புக்கு: "வெற்று அலங்காரம்." 41ஐ வெட்டி 22 போட்டேன். முதல் மூன்று இடங்களுக்குள் அந்த இலக்கம் வரவில்லை.

முடிவுகள் வந்து மூன்று வாரம் போயிருக்கும். ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு பிள்ளையும் அவளுடைய உம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். கதை எப்படியோ வெளியே போயிருந்தது. எங்கள் ஊரில் எதுதான் போகாது. பிள்ளை பன்னிரண்டாம் தரம், வேறு பாடசாலை. கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. கவிதை அதில் ஏழெட்டுத் தரம் எழுதி எழுதி வெட்டப்பட்டிருந்தது. குதிக்கால் வரி முதல் பக்கத்திலேயே இருந்தது, வேறெதுவும் இல்லாமல், தன்பாட்டில்.

"சேர், கடைசி நாலு வரிதான் போன்ல கேட்டு எடுத்த. மத்ததெல்லாம் நான் எழுதின."

"ஏன் மகள் எடுத்த?"

"முடிக்கத் தெரியல்ல சேர். முடிப்பு நல்லா இருந்தாத்தான் புள்ளி போடுவாங்கண்டு சொன்னாங்க."

உம்மா அதுவரை பேசாமல் இருந்தவர். "எங்கட உம்மா பாய் இழைக்கக்குள்ள இவ பக்கத்துலயே இருந்த புள்ள சேர். மறுகா அவ மௌத்தான பொறகு அந்தப் பாய யாரையும் தொடவும் உடல்ல" என்றார்.

ஆக, நீலத்தில் நான் மெச்சிய நான்கு வரிகள்தான் இயந்திரத்துடையவை. நீலத்திலும் சிவப்பிலும் நான் குறை கண்ட இரண்டு வரிகள் அந்தப் பிள்ளை கண்ணால் கண்டவை. பேராதனையில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து, இருபது வருடத்துக்கு மேல் நயம் பாராட்டல் படிப்பித்துவரும் ஒருவனின் நிலை இது.

*

எனக்கு நேர்ந்தது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்று தெரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் போர்ட்டர், எடுவார்ட் மஷெரி என்ற இருவர் 2024 நவம்பரில் 'சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோசர், ஷேக்ஸ்பியர் முதல் எமிலி டிக்கின்சன், ரி. எஸ். எலியட், சில்வியா பிளாத் வரை 10 ஆங்கிலக் கவிஞர்களை எடுத்தார்கள். ஒவ்வொருவருடைய பாணியிலும் கவிதை எழுதும்படி சட்ஜிபிடியிடம் கேட்டார்கள். வந்தவற்றில் நல்லதைப் பொறுக்கி எடுக்கவில்லை, முதலில் வந்ததையே வைத்துக்கொண்டார்கள். பிறகு 1,634 பேரிடம், ஒருவருக்கு ஒரு கவிஞர் என்ற கணக்கில், உண்மையான கவிதை ஐந்தும் இயந்திரக் கவிதை ஐந்தும் கொடுத்து எது எது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னது 46.6 வீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் இதைவிடக் கொஞ்சம் நன்றாக வந்திருக்கும்.

இதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. மனிதர் எழுதியிருக்கமாட்டார் என்று மிக அதிகமானோர் ஒதுக்கிய ஐந்து கவிதைகளும் மனிதர் எழுதியவை. ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: இயந்திரக் கவிதை நேராகப் பேசுகிறது, சந்தம் தவறுவதில்லை, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறது. பழக்கமில்லாத வாசகருக்கு அது பிடிக்கிறது, பிடித்ததால் அது மனிதருடையது என்று எண்ணுகிறார். எலியட் போன்றவர்களிடம் உள்ள முடிச்சும் தாவலும் அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை இயந்திரத்தின் உளறல் என்று எடுத்துக்கொள்கிறார். என் குதிக்கால் வரிக்கு நடந்தது அச்சொட்டாக இதுதான். குதிக்காலால் பாயை அழுத்திப் பிடிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் என் அறியாமையாகக் கொள்ளவில்லை, கவிதையின் பிழையாகக் கொண்டேன்.

இரண்டாவது சோதனையை 696 பேரை வைத்துச் செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு இவை மனிதர் எழுதியவை என்றும், ஒரு பகுதியினருக்கு இவை இயந்திரம் எழுதியவை என்றும் சொன்னார்கள். மற்றப் பகுதியினருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அழகு, உணர்வு, சந்தம் என்று 14 அம்சங்களில் மதிப்பிடச் சொன்னார்கள். இயந்திரம் என்று கேள்விப்பட்டவர்கள் உண்மையில் எழுதியது யாராக இருந்தாலும் குறைவாகவே போட்டார்கள். ஒன்றும் சொல்லப்படாதவர்கள் இயந்திரக் கவிதைகளுக்குத்தான் கூடுதலாகப் போட்டார்கள்.

இதைச் சிலர் இயந்திரத்தின் வெற்றி என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புள்ளிகள் வாசகர்களைப் பற்றித்தான் சொல்கின்றன. இது ஒன்றும் புதிய செய்தியும் அல்ல. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 13 கவிதைகளைப் பெயரும் காலமும் மறைத்துத் தன் மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதியவற்றைத் தொகுத்து 1929இல் நூலாக்கினார். ஜோன் டன்னும் ஹொப்கின்ஸும் அந்தப் பதின்மூன்றுக்குள் இருந்தார்கள். ஆங்கிலத்தைச் சிறப்பாகப் படித்த பிள்ளைகள் பலர் அவர்களைத் தூக்கி எறிந்திருந்தார்கள். பெயரைக் கண்டால் கும்பிடுகிறவர்கள், பெயர் இல்லாவிட்டால் எங்கே நிற்பது என்று தெரியாமல் தடுமாறுகிறார்கள்.

எங்கள் பக்கத்திலும் பெயரைப் பார்த்துத்தானே காரியம் நடக்கிறது. ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். முதற்பிரதி பெறும் ஹாஜியார் யார், நயவுரை சொல்கிறவர் எந்த ஊர், நூலாசிரியர் யாருடைய மருமகன், யாருடன் ஒரே பிரிவில் ஆசிரிய கலாசாலையில் படித்தவர் என்பதெல்லாம் நூலைத் திறக்க முன்னரே தீர்ப்பை எழுதிவிடுகின்றன. நயவுரை என்ற பெயரில் நானே பேசியவற்றை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "சமூக அக்கறை", "எளிய நடை", "மண் வாசனை", "இன்னும் எழுத வேண்டும்". எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் இந்தச் சொற்களை இயந்திரம் எங்களிடம்தான் பொறுக்கிக்கொண்டது போலும். அந்தப் பிள்ளைக்கு இயந்திரம் கொடுத்த நான்கு வரிகள் எனக்குப் பிடித்துப்போனதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். கவியரங்குகளில் கடைசியில் கை தட்டுவதற்கென்று வைக்கப்படும் வரிகளை இருபது வருடம் கேட்டுப் பழகிய காது இது.

பாடசாலையில் நாம் எல்லோரும் படித்த ஒரு கதை இங்கே நினைவுக்கு வருகிறது. திருவிளையாடற் புராணத்துத் தருமி, வேறொருவர் எழுதிக் கொடுத்த பாட்டைத் தன் பாட்டாகக் கொண்டுபோய்ப் பொற்கிழி வாங்கப் பார்க்கிறார். நக்கீரர் பொருளில் குற்றம் காண்கிறார். எழுதியவர் இறைவன் என்று தெரிந்த பிறகும் அவர் தன் கருத்தை மாற்றவில்லை. அவர் கண்ட குற்றம் சரியா பிழையா என்பது வேறு விசயம். எழுதியவர் யார் என்று தெரிவதற்கு முன்னும் பின்னும் அவர் கையில் ஒரே பேனைதான் இருந்தது.

*

இந்தக் கதையை மௌலவியிடம் சொன்னேன். நாங்கள் இருவரும் இது பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம், மனக்கசப்பு இல்லாமல். அவர் நக்கீரரை ஏற்றுக்கொள்ளவில்லை. "சேர், நீங்க மத்ன மட்டும் பாருங்க என்டு சொல்றீங்க. எங்கட வழி அதில்லயே. இஸ்னாத் சரியில்லாட்டி மத்ன் எவ்வளவு வடிவா இருந்தாலும் எடுக்கேலாது" என்றார்.

இது லேசாகத் தட்டிவிடக் கூடிய வாதம் அல்ல. யார் சொன்னது, அவர் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, அவருடைய நினைவு எப்படி, வாய் எப்படி என்று கேட்டுக் கேட்டு ஒரு பெரும் கலையையே கட்டிய சமூகம் நாம். மர்வ் நகரக் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம் பற்றி ஹதீஸ் கலை நூல்கள் சொல்லும் செய்தியைப் பலர் அறிந்திருப்பீர்கள். அல்குர்ஆனின் ஒவ்வொரு சூராவுக்கும் சிறப்புச் சொல்லும் செய்திகளை அவர் அறிவித்தார். எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டபோது, மக்கள் குர்ஆனை விட்டுவிட்டு ஃபிக்ஹிலும் போர் வரலாறுகளிலும் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு நன்மை நாடித் தானே உண்டாக்கியதாக ஒப்புக்கொண்டார் என்று பதியப்பட்டுள்ளது. நோக்கம் நல்லது, வாசகமும் கேட்க இனியது. ஆனாலும் இட்டுக்கட்டியது இட்டுக்கட்டியதுதான்.

எனவே யார் எழுதியது என்று தெரிந்ததும் மதிப்பு மாறுவதை வெறும் முற்சாய்வு என்று ஆய்வுக்கூடத்துக்காரர் போல ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மௌலவி சொல்வதை அப்படியே கவிதைக்குப் பொருத்தவும் முடியவில்லை. ஹதீஸ் என்பது ஒருவர் இன்னதைச் சொன்னார், செய்தார் என்ற அறிவிப்பு. சொன்னவர் சொல்லவில்லை என்றால் அங்கே ஒன்றுமே மிஞ்சாது. கவிதை எல்லாம் அப்படியா? எங்கள் கிழக்கு மாகாணத்து நாட்டார் கவிகளைப் பாருங்கள். வயல் காவலில் இருந்தவன் பாடினானா, நெல்லுக் குற்றியவள் பாடினாளா, யாருக்கும் தெரியாது. இஸ்னாத் என்று ஒன்றும் இல்லை. அவற்றின் மதிப்பை அது ஒரு சொட்டும் குறைக்கவில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் ஒரு கவியை இயந்திரம் கட்டினாலும், கட்டு நன்றாக இருந்தால் நன்று என்றுதான் சொல்ல வேண்டிவரும். வெண்பாவின் தளை தட்டுகிறதா இல்லையா என்று பார்க்க எழுதியவரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் தேவையில்லை.

ஆனால் வேறு வகை எழுத்து இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதே வருடம் ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இவற்றைப் பற்றி "என் வாப்பா ஸுஜூதில் இருந்தார்" என்று ஒருவர் ஒரு கவிதையைத் தொடங்கினால், அந்த "என்" என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வாப்பா இருந்தாக வேண்டும். புனைகதைக்காரர் இதை எழுதலாம். புனைகதை என்று அவரும் அறிவார், நாமும் அறிவோம். சாட்சியம் என்று நம் கையில் தரப்பட்டது இயந்திரம் செய்தது என்று பின்னர் தெரியவந்தால், அந்தக் கவிதையின் அழகு முழுவதும் அப்போதே எனக்குக் கசந்துபோகும். அது முற்சாய்வு அல்ல. சாட்சிக் கூண்டில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகு வாக்குமூலத்தின் தமிழ் நடையை யார் மெச்சுவார்?

காஸா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்த ரிஃபாஅத் அல்அரீர் 2011இல் ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சிறு கவிதையை 2023 நவம்பரில் மீண்டும் வெளியிட்டார். டிசம்பர் 6ஆம் திகதி இஸ்ரேலின் வான் தாக்குதலில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்தக் கவிதை எத்தனையோ மொழிகளுக்குப் போனது. கவிதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எழுதியவருக்கு நேர்ந்தது தெரிந்ததும் வாசகர்கள் அதை வேறு விதமாக வாசித்தார்கள். அவர்கள் ஏமாந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? பலஸ்தீனக் கவிதைகளை எம். ஏ. நுஃமானின் தமிழில் வாசித்து வளர்ந்த தலைமுறை நான். அந்தக் கவிதைகளுக்குப் பின்னால் ஊரும் ஆளும் இருக்கிறார்கள் என்று அறிந்துதான் வாசித்தேன். இல்லையென்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் புத்தகத்தை இத்தனை வருடம் வைத்திருப்பேனா தெரியாது.

அப்படியானால் மூத்தம்மாவும் பாயும்? அது சாட்சியம் சார்ந்த கவிதைதான். கண்டதைச் சொல்கிறது, மௌத்தைச் சொல்கிறது. அதனால் யார் எழுதியது என்று நாங்கள் மூவரும் கேட்டதில் பிழை இல்லை. கேட்ட விதத்தில்தான் பிழை.

*

இஸ்னாதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதோடு சேர்ந்த இன்னொரு விதியை மறந்துவிடுகிறோம். அறிவிப்பாளரை நம்பகமானவர் என்று சொல்வது தஃதீல், குறையுள்ளவர் என்று சொல்வது ஜர்ஹ். ஹிஜ்ரி 643இல் மௌத்தான இப்னுஸ் ஸலாஹ் தன் நூலில் இதை விளக்குகிறார். ஒருவரை நல்லவர் என்று சொல்லக் காரணம் காட்ட வேண்டியதில்லை. குறை சொன்னால் காரணத்தை விளக்கிச் சொல்ல வேண்டும், விளக்கப்படாத குறை ஏற்கப்படாது. ஏனென்றால், எது குறை என்பதில் ஆளுக்கு ஆள் கருத்து வேறுபடும். ஒருவர் குறை என்று நினைத்தது உண்மையில் குறையாகவே இல்லாமல் இருக்கலாம்.

இதை மௌலவியிடம் நான் சொல்லவில்லை, அவரே சொன்னார், கொப்பியைப் பார்த்த பிறகு. "நாம செஞ்சது விளக்கமில்லாத ஜர்ஹ் சேர்." அதற்காகவே அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது.

எங்களுடைய காரணங்கள் என்ன? ஒன்று, இணையத்தளம் சொன்னது. சட்ஜிபிடியைச் செய்த நிறுவனமே இப்படியான ஒரு கண்டுபிடிப்புக் கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டது. இயந்திரம் எழுதியவற்றில் 26 வீதத்தைத்தான் அது பிடித்தது, மனிதர் எழுதியவற்றில் 9 வீதத்தை இயந்திரத்துடையது என்றது. ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய பரீட்சைக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை அவை இயந்திரத்தின் கணக்கில் போட்டன. ஆங்கிலத்துக்கே இந்த நிலை. பன் பாயைப் பற்றித் தமிழில் எழுதிய பிள்ளைக்கு அந்த இணையத்தளம் எதை வைத்துத் தீர்ப்புச் சொன்னது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாவது காரணம்தான் பாரதூரமானது. "இந்தப் பிள்ளைக்கு இது வருமா?" இந்தக் கேள்விக்கு இயந்திரத்தை விட வயது அதிகம். எட்டு வயதளவில் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமையாக பொஸ்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட ஃபிலிஸ் வீட்லியின் கவிதை நூல் 1773இல் லண்டனில் அச்சானபோது, இவளே எழுதினாள் என்று பொஸ்டன் நகரத்துப் பெரிய மனிதர்கள் 18 பேர் ஒப்பமிட்ட அத்தாட்சியும் நூலின் முன்பக்கத்தில் சேர்க்கப்பட்டது. கறுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருப்பாள் என்று வாசகர் நம்பமாட்டார் என்பதால். எங்கள் சமூகத்தில் எழுத வந்த பெண்களிடம் "இது நீங்களே எழுதினதா, நானா எழுதித் தந்ததா?" என்று கேட்ட காலம் ஒன்றும் தொலைவில் இல்லை. அப்போது நானா இருந்த இடத்தில் இன்று இயந்திரம் இருக்கிறது. சந்தேகிக்கப்படுவது பெரும்பாலும் அதே பிள்ளைகள்தான். வகுப்பில் சத்தமில்லாமல் இருக்கிறவள், வீட்டில் புத்தகம் இல்லாதவள், தகப்பன் கடலுக்குப் போகிறவர். வைத்தியரின் மகன் நல்ல கவிதை எழுதினால் யாரும் இணையத்தளத்துக்கு ஓடமாட்டார்கள்.

அதற்காக அந்தப் பிள்ளைக்கு முதற் பரிசு கொடுத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. போட்டி விதியில் சொந்த ஆக்கம் என்று இருந்தது. நான்கு வரிகள் சொந்தம் அல்ல. ஜப்பானில் 2024 ஜனவரியில் அக்குதாகவா பரிசு பெற்ற ரியே குதான், தன் நாவலில் ஏறத்தாழ 5 வீதம் சட்ஜிபிடி தந்த வாசகம் என்று தானாகவே சொன்னார். பின்னர், கதையில் வரும் இயந்திரம் பேசும் இடங்களுக்குத்தான் அதைப் பயன்படுத்தியதாக விளக்கினார். பரிசு அவரிடமே இருந்தது. 28 வரியில் 4 வரி அதைவிட அதிகம். அதோடு இங்கே அந்த நான்கு வரிகளைப் பேசுவது இயந்திரம் அல்ல, மூத்தம்மாவின் பேத்தி. விதிப்படி அந்தக் கவிதை விலக்கப்பட வேண்டியதுதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் நாங்கள் விலக்கியது அந்தக் காரணத்துக்காக அல்ல. சரியான தீர்ப்பைப் பிழையான காரணத்துக்காகக் கொடுத்தோம், அதையும் உண்மையான வரிகளின் மேல் குற்றம் சுமத்திக் கொடுத்தோம். இது என்னை உறுத்துகிற அளவுக்குப் பரிசு போனது உறுத்தவில்லை.

பிள்ளையும் உம்மாவும் போன அன்றிரவு கவிதையை மூன்றாம் தரம் வாசித்தேன். குதிக்கால் வரியில் கண் கலங்கியது. அதையும் நான் முழுதாக நம்பவில்லை. உம்மாவின் முகமும் தொடவிடாமல் வைத்திருக்கும் பாயும் என் குற்ற உணர்வும் சேர்ந்து வாசித்த வாசிப்பு அது. ஆனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லலாம்: மூன்று வாசிப்பிலும் நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி, பாய் இழைக்கிறவர்கள் உண்மையிலேயே குதிக்காலை அப்படி வைப்பார்களா என்பது. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இன்னும் இழைக்கிறார்கள். போய்ப் பார்த்திருந்தால் யார் எழுதியது என்பதற்கும் பாதி விடை கிடைத்திருக்கும். இப்போது போய்ப் பார்த்தேன். வைக்கிறார்கள்.

இந்த வருடம் அந்தப் போட்டிக்கு நடுவராக வர நான் மறுத்துவிட்டேன். என்ன காரணம் என்று கேட்டார்கள், சொன்னேன். வீட்டில் எழுதி அனுப்புவதை நிறுத்தி மண்டபத்தில் இருத்தி எழுதவைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. ஒரு மணித்தியாலத்தில் மணி அடிக்க முன்னர் முடிக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் எந்த முடிப்பைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியதைப் பிள்ளையிடமே வாசிக்கச் சொல்லி, வாசித்த பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள் என்றேன். நேரம் போதாதாம்.

போன கிழமை அந்தப் பிள்ளை மீண்டும் வந்தாள், தனியாக, பாடசாலை விட்டு வரும் வழியில். புதிய கவிதை ஒன்று, சுத்தமாகப் பிரதி செய்த தாளில். பார்த்துச் சொல்லுங்கள் சேர் என்றாள். அதோடு சேர்த்துக் கொப்பியையும் நீட்டினாள், வெட்டும் கிறுக்கலுமாக எல்லாப் பக்கங்களோடும். கொப்பி தேவையில்லை மகள், கவிதை மட்டும் போதும் என்றேன்.

"இருக்கட்டும் சேர்" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.